நாற்பத்தெட்டு மணி நேர ஈரம்

ஃபோன் அலறியது.

டேவிட்சன் எடுத்தார். மின்சாதனங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கோயமுத்தூர் கணபதி ஏரியா லேபில், பதினெட்டு வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"டேவிட்சனுங்களா? அவிநாசி இன்ஸ்பெக்டர் ஃபெமினா பேசறேன்."

"சொல்லுங்க மேடம்."

"இங்க ஒரு பொம்பளை மாவாட்டறப்போ கரண்ட் அடிச்சு எறந்துட்டாங்க. கிரைண்டர்ல ஒட்டியிருக்கற நம்பரைப் பார்த்தேன்... 'பாதுகாப்பானது'னு சர்ட்டிஃபிகேட் கொடுத்தது நீங்களாமே!"



"எ... எந்த மாடலுங்க?"

"ரெண்டு லிட்டர், மேடை மேல வெக்கறது. கூத்தைக் கேளுங்க... அந்தக் கம்பெனி குவாலிட்டி மேனேஜர் வீட்டுலயே! எறந்தது அவர் சம்சாரம் மௌனிகா. கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போங்களேன்."

"வ... வாரேனுங்க."

ஃபோனை வைத்தார்.

குவாலிட்டி மேனேஜர் என்றால்... கதிரேசன்!

ரெண்டு லிட்டர் மாடல் என்றால்...

ஐயோ, ஆண்டவரே!

கதிரேசனுடையது பழைய வாடகை வீடு. ஆபத்தென்றால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர்கூட இல்லாத வீடு. மௌனிகாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சமையல் மேடையில் கிரைண்டர் மட்டும் உட்கார்ந்திருந்தது. உள்ளே, பாதி அரைபட்ட உளுந்து.

இன்ஸ்பெக்டர் ஃபெமினா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"புருஷன் வாக்குமூலம் கொடுத்துட்டாருங்க. 'மத்தியானம் மாவாட்டிட்டு இருந்தா. மெஷின்ல கை ஒட்டிக்கிட்டுத் துடிச்சா. நான் தொட்டேன், என்னையும் தூக்கி வீசுச்சு. அப்புறம்தான் சுவிட்சை அமத்தினேன்'னு."

டேவிட்சன் சுவிட்ச் போர்டைக் கழற்றினார்.

எர்த் ஒயர் எதிலும் சேராமல் தனியாகத் தொங்கியது!

"பார்த்தீங்களா? ஒயரிங் பண்ணின ஆளையும் புடிச்சு வெச்சிருக்கேன். பாய்... இங்க வாங்க!"

ஜபருல்லா வந்தார். ஐம்பது வயது எலக்ட்ரீஷியன். கண்கள் சிவந்திருந்தன.

"ஏனுங்க சார், நீங்களாச்சும் சொல்லுங்க! போன மாசம்தான் இந்த போர்டை மாட்டினேன். எர்த்தை முறுக்கி, ஸ்க்ரூவை இறுக்கிப்போட்டுத்தானுங்க போனேன். அல்லா மேல சத்தியமா!"

"அப்ப ஸ்க்ரூவே தன்னைத் தானே கழட்டிக்கிச்சாக்கும்?" என்றார் ஃபெமினா. "சார், ஒயரிங் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. பாயை உள்ள தள்ளிட்டு ஃபைலை மூடிடறேன்."

ரெண்டு வரி!

அந்த ரெண்டு வரியில் டேவிட்சன் தப்பித்துவிடலாம்.

ஆனால் போலீசுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். எர்த் என்பது வெறும் காவல்காரன். காவல்காரன் இல்லாததால் மட்டும் திருட்டு நடந்துவிடாது. திருடன் வர வேண்டும். மெஷினின் உடம்பில் கரண்ட் கசிந்தால்தான் தொட்டவர் சாக முடியும்.

கசிந்திருக்கிறது.

'கசியாது' என்று கையெழுத்துப் போட்டவர் அவர்!

"கொஞ்சம்... தண்ணி குடிச்சுட்டு வந்துடறேனுங்க."

கொல்லைப்புறத்தில் கதிரேசன் காத்திருந்தான். வீங்கிய கண்கள். கலைந்த தலை.

"சார்... நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவளைக் கொன்னுபோட்டோமுங்க!"

"கதிரேசா, மெதுவா..."

"தீபாவளி சேல்ஸ், அவசரம்னு உங்க காலைப் புடிச்சேன். நாப்பத்தெட்டு மணி நேரம் மெஷினை ஈரக்காத்துல வெச்சு, அப்புறம்தான் கசிவு பார்க்கணும். நீங்க காஞ்ச மெஷினை அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு, 'வெச்சோம்'னு எழுதிக் கொடுத்தீங்க."

டேவிட்சன் கொல்லைக் கதவைச் சாத்தினார்.

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் இது தெரியும். அந்த பாய் மேல போட்டுருங்க சார். எனக்குப் பொண்டாட்டியே போயிட்டா... வேலையும் போகணுமுங்களா? உங்களுக்கும் ரிட்டயராக ரெண்டே வருஷம். யோசிங்க!"

மாவாட்டுகிற மெஷின். ஈரக்கையால் அல்லாமல் வேறெப்படித் தொடுவாள் ஒருத்தி? அதைக் காயவைத்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தது இந்தக் கைதானே!

உள்ளே வந்தார்.

"மேடம், லேப்ல வெச்சுப் பார்த்தாத்தான் எழுத முடியும். ரெண்டு நாள் வேணுமுங்க."

"ரெண்டு நாளா! மாவே புளிச்சிருமுங்களே!"

"முழுசா நாப்பத்தெட்டு மணி நேரம். ஒரு நிமிஷம்கூடக் குறையக் கூடாதுங்க."

சனிக்கிழமை காலை பத்து மணி. கிரைண்டர் லேபின் ஈரப்பத அறைக்குள் போனது. கதவில் ஃபெமினா சீல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போனார்கள்.

டேவிட்சன் எழவில்லை.

வெளியே வந்ததும் மனைவி சாராள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, முப்பது வருஷத்துல ஒரு நாளும் இப்படி உக்காந்திருந்ததில்லை. என்ன செஞ்சுபோட்டு வந்தீங்க?"

ஸ்கூட்டரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சாராள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசுங்க?"

"முப்பத்தொண்ணு."

"நம்ம ஊட்டு கிரைண்டரும் நீங்க பாஸ் பண்ணினதுதானே?"

ஆமாம் என்று தலையசைத்தார்.

"அந்த பாய் ஸ்டேஷன்ல கெடக்கறாரு. அவர் சம்சாரம் இந்நேரம் யார் யார் வாசல்ல நிக்கறாளோ! நாளைக்கு அந்த ரூமைத் தொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சதை எழுதிக் கொடுத்துருங்க. தொறந்த பின்னாடி கொடுத்தா, மாட்டிக்கிட்டு எழுதினதாத்தான் ஆகும்."

"என்னையும் உள்ள போட்டுட்டா சாராள்?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பிரியாணி கொண்டாந்து தாரேன். வண்டியை எடுங்க!"

திங்கள். காலை பத்து.

லேபில் ஃபெமினா. இரண்டு கான்ஸ்டபிள்கள். புகார்தாரர் என்ற முறையில் கதிரேசன்.

டேவிட்சன் மடித்த காகிதத்தை ஃபெமினாவிடம் நீட்டினார்.

"என்னங்க இது... ரிப்போர்ட்டா? இன்னும் கதவையே தொறக்கலியே!"

"என் வாக்குமூலமுங்க. ஈரத்துல டெஸ்ட் பண்ணாமலே பண்ணினதா எழுதிட்டேன். அந்த மெஷின் கசியும். மௌனிகாவைக் கொன்னது பாயோட ஒயரிங் இல்லீங்க... நான்!"

கதிரேசனின் முகம் வெளுத்தது.

"சார்! என்ன காரியம் பண்றீங்க!"

சீல் உடைந்தது. கிரைண்டர் வெளியே வந்தது. தொட்டால் பிசுபிசுக்கும் ஈரம். அது போதாதென்று டேவிட்சன் உப்புத்தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினார். டெஸ்டில் அதுவும் உண்டு.

"கொலைகாரனைக் குளிப்பாட்டி வேற வுடறாங்க..." ஒரு கான்ஸ்டபிள் முணுமுணுத்தார்.

"முக்கால் மில்லி ஆம்பியரைத் தாண்டினா ஃபெயிலுங்க மேடம். ஆளைக் கொல்லணும்னா அதைப்போல பல மடங்கு வேணும்."

சுவிட்சைப் போட்டார். கண்களை மூடிக்கொண்டார்.

திறந்தார்.

0.18!

மீட்டரைத் தட்டினார். வேறு மீட்டர் மாட்டினார்.

0.18!!

"என்னங்க சார்... உங்க மூஞ்சியைப் பார்த்தா மெஷின் பாஸா, ஃபெயிலான்னே தெரியலியே!"

"பா... பாஸுங்க மேடம். எர்த் இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி... இந்த மெஷின் ஒரு எறும்பைக்கூடக் கொல்லாது!"

மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது.

அடுத்த விநாடியே, அதைவிடப் பெரிய கல் ஒன்று வந்து உட்கார்ந்தது.

டேவிட்சன் மெதுவாகத் திரும்பினார்.

"கதிரேசா... தொட்டதும் உன்னையும் தூக்கி வீசுச்சுன்னு வாக்குமூலம் கொடுத்தியே... எந்த மெஷின்?"

"இ... இதுதானுங்க. ஈரம் பத்தலை சார்! இன்னொருக்கா வெச்சுப் பாருங்க..."

"இன்னொருக்கா வெச்சா நீங்க கழுவி வெச்ச பொய்யிலயும் பூஞ்சை புடிச்சிரும்!" ஃபெமினா நெருங்கி வந்தார். "கரண்ட்லதான் செத்தாங்கன்னு டாக்டர் எழுதிட்டாரு. இந்த மெஷின் கொல்லலை. பாய் எர்த்தை விட்டுட்டாருன்னே வெச்சுக்குவோம்... அதனாலயும் சாகலை. அப்ப எந்தக் கரண்ட்டுங்க அவங்க உடம்புல பாஞ்சது? நீங்க எதைத் தொட்டுத் தூரப் போய் விழுந்தீங்க?"

கதிரேசன் வாசலைப் பார்த்தான்.

வாசலில் கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மத்தியானம்... கண்ணசந்து படுத்திருந்தா. கரண்ட் ஒயரை அவ மேல வெச்சுட்டேனுங்க. அப்புறம் தூக்கியாந்து கிரைண்டர்கிட்டப் போட்டேன். உளுந்தை அள்ளிப் போட்டு ஓட விட்டேன். எர்த்தைக் கழட்டினேன். டேவிட்சன் சார் பயந்துக்கிட்டு ஒயரிங்னு எழுதிருவாரு, மெஷின் பக்கமே போக மாட்டாருன்னு..."

"எதுக்குடா! அந்தப் புள்ளை உனக்கு என்ன பண்ணுச்சு?" டேவிட்சன் கத்தினார்.

"அந்த ரிப்போர்ட் விஷயத்தை அவகிட்ட ஒரு நாள் பெருமையாச் சொல்லிப்போட்டேனுங்க. அன்னைக்குப் புடிச்ச புடியை விடலை! 'ஈரத்துல பார்க்காத மெஷினை ஊர்ப் பொம்பளைங்க கையில எல்லாம் கொடுத்திருக்கீங்களே, நான் மேலே எழுதிப் போடறேன்'னு ஒத்தைக் கால்ல நின்னா. கையெழுத்துப் போட்டவர் பேரைக் கேட்டா. உங்க பேரைச் சொன்னேன்..."

டேவிட்சன் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

மெஷின் கொல்லவில்லை. எர்த் கொல்லவில்லை.

கையெழுத்துத்தான் கொன்றிருக்கிறது!

"பாயை விடச் சொல்லி ஸ்டேஷனுக்கு ஃபோன் போடுங்க," என்று கான்ஸ்டபிளிடம் சொன்ன ஃபெமினா, டேவிட்சனைப் பார்த்தார். "சார்... நீங்க கொடுத்த காகிதம். திருப்பி வேணுமுங்களா?"

"வேணுமுங்க."

ஃபெமினாவின் புருவம் உயர்ந்தது.

"அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. அந்தப் புள்ளை எதுக்காகச் செத்துச்சுங்கற வரி. எழுதிக் கொடுத்துடறேன்."

ஃபெமினா தன் பேனாவையே எடுத்து நீட்டினார்.

"நிதானமா எழுதுங்க. வண்டியில உங்களுக்கும் இடம் இருக்குதுங்க."

கதிரேசனின் கையில் விலங்கு ஏறியது. ஈரம் சொட்டும் கிரைண்டரையே வெறித்துக்கொண்டிருந்தான் அவன்.

"நடங்க கதிரேசன்," என்றார் ஃபெமினா. "கோயமுத்தூர்ல தரமான கிரைண்டர் செஞ்சதுக்காக மாட்டிக்கிட்ட மொத ஆளு நீங்கதானுங்க!"