குற்றமற்றவள்

பெனிட்டா தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தது அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

"பைக்கத் திருடினது நான்தான் மேடம். எழுதிக்கோங்க."

நன்னடத்தை அலுவலர் செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். "ஏம்மா, அது உங்க மாமா வண்டி. சாவியக் குடுத்ததே தான்தான்னு அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. முந்தாநாள் சோப்பு திருடினேன்னு வந்த. கடைக்காரரு ஒண்ணும் காணாமப் போகலங்காரு. குத்தம் செய்யாதவங்களோட நான் எத்தன நாள் மல்லுக்கட்டுறது?"

எல்லாம் செவித்துணை வந்தபின் தொடங்கிய தலைவலி. காதுமடலுக்குப் பின்னால் ஒட்டும் மிளகளவுக் கருவி அது. அணிந்தவரின் நாடி ஏறும்போதே பேச்சுக் கொடுக்கும். திட்டாது, புத்தி சொல்லாது, சலிக்காமல் கேட்கும். குற்றம் புரிந்த சிறார்களை அடைத்துவைக்காமல் ஓராண்டு இதை அணிவித்து வீட்டுக்கே அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் மறுபடி தவறு செய்யவில்லை. முன்பு அவர்களை அடைத்துவைத்த தூத்துக்குடி கூர்நோக்கு இல்லம் இப்போது மீன்பதனக் கிடங்கு.

பெனிட்டாவின் அண்ணன் ஜெர்வினுக்கும் அது கிடைத்திருந்தது, ஒருவனைக் கத்தியால் கிழித்ததற்காக. ஆறே மாதத்தில் அவன் சிரிக்கப் பழகியிருந்தான்.

"பெரியவனாலதான் மேடம் நாங்க படாதபாடு பட்டோம்," என்றார் உடன் வந்திருந்த அப்பா சவரிமுத்து. "தொல்லை பண்ணாத ஒரே பிள்ள இவதான். இவளப் பத்தி நான் நினைச்சுப் பாத்ததே இல்ல."

"அதான்ப்பா," என்றாள் பெனிட்டா. "அவன் கத்திய எடுத்தான். அவன் பேசுறதக் கேக்க ராத்திரி பகலா ஒண்ணு கிடைச்சிது. நான் ஒழுங்கா இருந்தேன். எனக்கு என்ன கிடைச்சிது?"



"தண்டனை பெற்ற சிறாருக்கு மட்டும்தான் சட்டத்துல இடம் இருக்கு," என்றார் செண்பகவல்லி, தன் குரலே தனக்கு எரிச்சலூட்ட. "பதிவேட்டுல பேரு ஏறினா உதவித்தொகை போயிரும். படிக்கிற பிள்ள நீ. வீட்டுக்குப் போ."

பெனிட்டா போனாள். இரண்டு நிமிடத்தில் வெளியே கண்ணாடி நொறுங்கும் சத்தம். செண்பகவல்லியின் காருக்குள் ஒரு செங்கல் கிடந்தது. பெனிட்டா நிதானமாகத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்ப எழுதுங்க மேடம்."

எழுதத்தான் வேண்டியிருந்தது. சிறார் நீதிக் குழுமம் ஓராண்டு செவித்துணை விதித்தது. உதவித்தொகை போயிற்று. செண்பகவல்லியே கருவியை அவள் காதுக்குப் பின்னால் ஒட்டினார். வாசலைத் தாண்டுவதற்குள் பெனிட்டா அதனிடம் பேசத் தொடங்கிவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் கைகளை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்தாள். அவளிடம் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று செண்பகவல்லி ஜன்னலோரம் நின்று பார்த்தார்.

நாற்பதாம் நாள் கருவியின் மதிப்பீடு வந்தது: 'இச்சிறுமியிடம் குற்ற மனப்பான்மை இல்லை. சிகிச்சை தேவையற்றது. உடனே அகற்றப் பரிந்துரைக்கிறேன்.'

அகற்ற வேண்டாம் என்று செண்பகவல்லி மேல்முறையீடு எழுதினார். நிராகரித்தார்கள். மறுபடி எழுதினார். விதி எண்ணைக் குறிப்பிட்டு நிராகரித்தார்கள். வேறு வழியின்றிப் பெனிட்டாவை வரவழைத்து விஷயத்தைச் சொன்னார்.

அவள் அழவில்லை. தலையைச் சாய்த்துக் கருவியைக் கழற்றக் கொடுத்தாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"சரி மேடம். இந்தத் தடவ நான் என்ன செய்யணும்?"