பதினான்காவது கோடு

சக்கெல்லாரிஸ் கை வைக்கவே இல்லை. வளைவை அளக்கும் டயல் கேஜின் முள் அசைந்தது.

ஒரு கோடு. மறுபடி பூஜ்யம்.

தெருவில் லாரி ஏதாவது போயிருக்கும். ஆனால் மதியம் இரண்டு மணிக்குக் கலிம்னோஸில் லாரி ஏது? சன்னல்களைச் சாத்திக்கொண்டு தீவே உறங்கும் நேரம் அது. பட்டறைக்குள் டீசல் வாடையும், வெளியே கயிற்றில் காயும் கடற்பஞ்சின் அழுகல் வீச்சமும், எங்கோ சொட்டும் தண்ணீரின் ஓசையும்தான் இருந்தன. பட்டறையில் குழாயே கிடையாது.

இரண்டு 'வி' வடிவக் கட்டைகளின் மேல் கிடந்தது கேப்டன் மிக்கேஸின் படகு எஞ்சினிலிருந்து கழற்றிய கிராங்க் ஷாஃப்ட் தண்டு. அந்த எஞ்சின் ஓடினால்தான் குழாய் வழியே கடலடிக்குக் காற்று போகும். பஞ்சு எடுக்க மூழ்கியவனுக்கு அதுதான் மூச்சு.

போன ஈஸ்டரில் படகுகள் கிளம்பும் அவசரம். சக்கெல்லாரிஸ் இந்தத் தண்டைச் சுழற்றி அளக்கவில்லை. கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டினான். மணி போல ஒலித்தது. விரிசல் இல்லை. 'வளைவு இரண்டு கோடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தட்டினால் விரிசல் தெரியும். வளைவு தெரியுமா?

இருபதாம் நாள் நடுக்கடலில் பேரிங் எரிந்து எஞ்சின் நின்றது. கீழே கடலடியில் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தான் பொதித்தோஸ். கயிற்றை மூன்று முறை இழுத்தானாம். மூன்று என்றால், மேலே தூக்கு. தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

"நீ அளந்து குடுத்த தண்டாச்சே மேஸ்திரி, அதுல கோளாறு இருக்குமா?" என்று காலையில் மிக்கேஸ் சிரித்தார். "அந்தப் பொதித்தோஸ் கழுதைதான் எஞ்சினுக்கு எண்ணெ ஊத்தாம எறங்கியிருப்பான். இந்த வருஷம் என் மவன் எறங்குறான். இன்னொரு தடவ பாத்து வையி. மத்தியானம் வரேன்."

சக்கெல்லாரிஸ் தண்டை மெல்லச் சுழற்றினான். முள் ஏறியது. ஐந்து. ஒன்பது. பதினான்கில் நின்றது. ஐந்தைத் தாண்டினாலே பேரிங் தாங்காது.

உண்மையைச் சொன்னால் பொதித்தோஸைக் கொன்றது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பென்சிலை எடுத்தான். 'இரண்டு' என்று எழுதினான்.

யாரோ கயிற்றை இழுப்பதுபோல் முள் துடித்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கத்த வாயைத் திறந்தான். காற்று வரவில்லை. நாக்கில் உப்பு. தடுமாறித் தண்டைப் பிடித்தபோது அது அரைச் சுற்று உருண்டது.

அரை மூச்சு கிடைத்தது.

சுழற்றினான். ஒரு சுற்று, ஒரு மூச்சு. நிறுத்தினான். மூச்சும் நின்றது.

மிக்கேஸ் கதவைத் தட்டினார்.

"மேஸ்திரி! தூங்கிட்டியா? தண்டு நேராத்தானே இருக்கு?"

பதில் சொல்லக் காற்று போதவில்லை.

"உள்ள என்னய்யா சுத்திக்கிட்டே கெடக்க? சரி சரி, நேராத்தான் இருக்கும். சாயந்திரம் வந்து தூக்கிக்கறேன்."

காலடிகள் தேய்ந்தன. சக்கெல்லாரிஸ் சுழற்றினான். எண்ணெயில் விரல்கள் வழுக்கின. ஒவ்வொரு சுற்றிலும் முள் பதினான்கைத் தொட்டபோது மூச்சு பாதியில் அடைத்துக்கொண்டது. தண்டின் எண்ணெய்த் துளையிலிருந்து கடல்நீர் கசிந்து, காகிதத்தில் எழுதிய 'இரண்டை' மெல்லக் கரைத்தது.

தோள்கள் நடுங்க ஆரம்பித்தன. சாயந்திரத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.