பின்னிருக்கையில் வஸீலா

விமானப் படிவத்தில் இருப்பது தன் கையெழுத்துதான் என்பதில் வஸீலாவுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த எரிபொருள் கணக்கை அவள் போடவில்லை, அந்த விமானத்தை அவள் அனுப்பவில்லை, அது கிளம்பிய பதினொரு மணிக்கு அவள் புழுதிக் காற்றில் நகராத பேருந்துக்குள், முன்சீட்டுக்காரனின் வியர்வை நாற்றத்தைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வானிலை பார்த்து, எரிபொருள் கணக்குப் போட்டு விமானத்தை அனுப்பும் டிஸ்பாட்சர் வேலையில் அவளுக்கு இது ஆறாவது நாள். கேப்டனும் டிஸ்பாட்சரும் கையெழுத்திட்டால்தான் சக்கரம் உருளும். முதல் நாளே அலுவலகத்தின் மூத்த டிஸ்பாட்சர், பெரியவர் பூஅலாம் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டி, "அவசரத்துக்கு ஒரு கையெழுத்து போட்டு வை பொண்ணே, இங்க எல்லாரும் போட்டதுதான்" என்றார். வாயை மூடிக்கொண்டு போட்டுத் தொலைத்தாள். அந்த ஆத்திரம் இப்போது அவர்மேலும் தன்மேலும் சேர்ந்தே பொங்கியது.

"யாரைக் கேட்டு இதை நிரப்புனீங்க, பூஅலாம் ஐயா?"

புதினாத் தேநீரை உறிஞ்சியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீதானே நிரப்புன. நீதானே விமானத்துக்கு எடுத்துட்டுப் போன. என் தலையைத் தின்னாத."

"நான் இப்பத்தான் உள்ள வர்றேன். புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"என் பிள்ளைங்கமேல ஆணையா நீதான். ஒரு வார்த்தை பேசல. போறப்ப சிரிச்ச."

ஜன்னல் கண்ணாடியில் மணல் சரசரவென்று உரசியது. குளிரூட்டி உறுமியது, அறையெங்கும் சூடான தூசியின் வாசனை. அவள் தாளை மறுபடி படித்தாள். விமானம் போய்ச் சேர வேண்டிய ஜானெத்தில் கண் மறைக்கும் புழுதி, இறங்க முடியாது. வேறு ஊருக்குத் திருப்ப எரிபொருளே ஏற்றவில்லை. நாற்பத்தொரு பயணிகள். அத்தனையும் அவள் எழுத்தில், அவள் போடும் சாய்ந்த ஏழுகளோடு. இன்னும் பத்து நிமிடத்துக்குள் திரும்பினால் பிழைப்பார்கள்.

அவள் ரேடியோவைப் பிடுங்கினாள். "கேப்டன் ஸுபைர், உடனே திரும்புங்க. எரிபொருள் பத்தாது."

"யாரு பேசுறது?"

"டிஸ்பாட்சர் வஸீலா."

இரைச்சல். பிறகு கேப்டனின் குரல், நிதானமாக.

"வஸீலா எனக்குப் பின்னால உக்காந்திருக்கா. யாரும்மா நீ?"

வஸீலாவின் கோபம் தணியவில்லை. "அவ நான் இல்ல. அவ சொல்றதைக் கேக்காதீங்க. திரும்புங்க."

"புழுதி அடங்கிருச்சுன்னு இவ சொல்றாளே. கையெழுத்தும் போட்டிருக்கா. வேலையைக் கெடுக்காத."

அவள் ஒலிவாங்கியைப் பூஅலாமிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க. உங்க குரல் அவருக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை."

அவர் வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். அவள்மேல் உரசிவிடாமல், சுவரை ஒட்டியே நகர்ந்தார். கதவைத் திறந்தார். போய்விட்டார்.

"கோழை" என்று அவள் கத்தினாள். "நாற்பத்தொரு பேர்யா."

பத்து நிமிடம் முடிந்தது.

திரையில் விமானப் புள்ளி திரும்பவில்லை. புழுதியைக் காட்டும் மஞ்சள் படலத்துக்குள் நுழைந்தது. கேப்டனைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி. இல்லை.

அப்புறம் ரேடியோ தானாகவே உயிர்த்தது. பின்னால் யாரோ அழுகிறார்கள். ஒரு குழந்தையும். அவற்றுக்கு மேலே, அவசரமே இல்லாமல், மீதமிருக்கும் எரிபொருளை வாசிக்கும் ஒரு பெண் குரல். அவளுடைய குரல்.

"முந்நூறு கிலோ."

வஸீலா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருநூறு."