பேச்சியம்மாவின் கையில் திறப்பு

புதுக்குடியிருப்பு, ஓகஸ்ட் 1998. காலை 10.20.

ஊசி வைத்தியர் ஏரம்புவின் கட்டிலில் பேச்சியம்மா குப்புறக் கிடந்தாள். உயிர் போய் அரை மணி நேரம். முதுகில் குத்தியிருந்த ஊசிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். வலது கையில் கதவுப் பூட்டைத் திறக்கும் ஓர் இரும்புத் திறப்பு இருந்தது.

திடீர் மரண விசாரணை அதிகாரி வீரகத்தி வந்தபோது, வாசலில் கூடிய சனம் செத்தவளின் மகள் ராஜினியைத் திட்டிக்கொண்டிருந்தது. தாய்க்கு வலிப்பு இருந்ததை மறைத்துக் கூட்டிவந்து கொன்றுவிட்டாளாம்.

"வலிப்பு வாற வலிகாரருக்கு நான் கையே வைக்கமாட்டன் ஐயா," என்றார் ஏரம்பு. "தாய்க்கு ஒரு வருசமா வலி எண்டு மகள் இப்பதான் எல்லாருக்கும் முன்னால சொன்னவள். நான் பக்கத்திலதான் நிண்டனான். கையும் காலும் இழுத்துது. உடன திறப்பைக் கையில குடுத்தனான்."

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுப்பது ஊர் வழக்கம்தான். வீரகத்தி திறப்பை எடுத்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கீறல் இல்லை, திறப்பு அழுந்திய தடமும் இல்லை.

10.45. மேசையில் ஒரு பீங்கான் கோப்பை. கலங்கிய தண்ணீருக்குள் ஊசிகள், ஒரு நீளத் தலைமயிர், செத்த ஈ. தண்ணீர் நாறியது. வீரகத்தி ஊசி ஒன்றை அளந்தார். மூன்று அங்குலம்.

"இது என்ன கம்பி?"

"சைக்கிள் பிறேக் கம்பி. இழை பிரிச்சுத் தீட்டினது. பொருளாதாரத் தடையால நல்ல ஊசி வாறேல்லைத்தானே."

"கொதிதண்ணியில அவிக்கிறனீரோ?"

"விறகு ஈரம் ஐயா."

இந்த மனிதனிடம்தான் வாரத்துக்கு முப்பது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கிறார்கள். வீரகத்தி மேசையில் கிடந்த நோயாளர் கொப்பியைப் புரட்டினார், ஒரு பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார், கொப்பியைத் தன் பைக்குள் வைத்தார்.

11.10. ராஜினி.

"உள்ளுக்கு என்ன சத்தம் கேட்டுது பிள்ளை?"

"'வலிக்குது சாமி, மூச்சு முட்டுது'ன்னு அம்மா கத்துனாங்க. 'ஊசி வேலை செய்யுது, அசையாதை'ன்னுட்டு இவரு முன்னறைக்கு வந்துட்டாரு. என்னை உள்ள விடலைங்க."

"முந்தி எப்பவாவது கைகால் இழுத்ததோ?"

"இல்லைங்கய்யா. வலிதான். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த தோளுங்க."

பிற்பகல் 3.00. ஆஸ்பத்திரியிலிருந்து, பிரேதத்தை அறுத்துப் பார்த்த டொக்டரின் முடிவு வந்தது. வீரகத்தி அதே வாசலில், அதே சனத்தின் முன்னால் வாசித்தார். தோளுக்கு மேலால் இறங்கிய ஊசி வலது நுரையீரலைத் துளைத்திருக்கிறது. கசிந்த காற்று நெஞ்சுக்குள் அடைத்து மூச்சை நிறுத்தியிருக்கிறது.

"வலிப்பு வந்தவள் திறப்பை இறுக்கிப் பொத்தியிருப்பாள், உள்ளங்கையில பதிஞ்சிருக்கும். இது செத்த பிறகு வைச்ச திறப்பு," என்றார்.

ஏரம்பு அவசரமாக இடைமறித்தார். "மகள் வலி எண்டவள் ஐயா. எங்கட ஆக்களுக்கு வலி எண்டா வலிப்பு, உடம்பு நோகிறதை நோ எண்டுவம். அவையின்ர மலைநாட்டுப் பேச்சு எனக்கு விளங்கேல்லை. பதட்டத்தில திறப்பை..."

"விளங்கேல்லையோ?" வீரகத்தி கொப்பியை விரித்தார். "போன கிழமை உம்மட கையாலயே எழுதியிருக்கிறீர். 'பேச்சியம்மா. வலி, வலது தோள், ஒரு வருடம்.' தோளில வலிப்பு வாறதோ, ஏரம்பு? அவளின்ர பேச்சு விளங்கித்தான் தோளில குத்தினீர். மூச்சு முட்டுது எண்டு அவள் கத்தேக்க, எழும்பிப் போனீர். செத்த பிறகு அதே சொல்லை எடுத்து மகளின்ர தலையில கட்டப் பாத்தீர். கொன்றது நீர்தான். வழக்குக்கு எழுதுறன்."

காலையில் திட்டியவர்களில் ஒருவரும் ராஜினியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் எழுந்து முன்னால் வந்தாள்.

"அப்ப எங்கம்மா வலிக்குதுன்னு கத்துனது இவருக்குப் புரிஞ்சுதாங்கய்யா?"

"ஓம் பிள்ளை. நல்லா விளங்கினது."

"புரியாமக் கொன்னிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்," என்ற ராஜினி, ஏரம்புவின் முகத்தில் காறித் துப்பினாள்.

வீரகத்தி தடுக்கவில்லை.