அம்பாவின் கடைசி வரி

காலையில் எழுதிய மை மாலையாகியும் காயவில்லை.

மழைக்காலத்தில் ஏரிக்கரையில் எதுதான் சீக்கிரம் காய்கிறது, துணி காய்வதில்லை, கருவாடு காய்வதில்லை, மை மட்டும் காய்ந்துவிடுமா என்று ஜெசிந்தா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒற்றுத்தாளைப் பக்கத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தாள். ஒற்றுத்தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு பொட்டு நீலம்கூட ஒட்டவில்லை. பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு சுரமும் அப்போதுதான் எழுதியதுபோல் ஈரமாக மின்னியது.

மாத்திரை சரியில்லை என்று முடிவு கட்டினாள். தண்ணீரில் கரைத்து மையாக்குகிற மாத்திரை அது. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான், வேறென்ன. அப்படி நினைத்துக்கொண்டே விரல் நுனியில் மையைத் தொட்டு, ஏன் என்று தெரியாமலே நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

ஜெசிந்தா மாதா கோவில் பள்ளிக்கூடத்து டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவளும் அவள்தான். முப்பத்தாறு வயது, தனிக்கட்டை. மெட்ராஸ் கான்வென்ட்டில் படித்தபோது ஐந்து கோட்டின் மேல் சுரம் எழுதும் முறையை ஒரு சிஸ்டரிடம் கற்றுக்கொண்டாள். ஒரே இழுப்பில் ஐந்து கோடும் போடுகிற ஐந்து முனைப் பேனா ஒன்றையும் அந்த சிஸ்டர்தான் கொடுத்தார். சுரத்தின் தலைக்கு அகல நிப்பு, காலுக்கு ஊசி நிப்பு, இரண்டையும் மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். இந்த வருஷத் திருவிழாவுக்கு ஆயர் வருகிறார். வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டை எடுத்து மாதாவுக்கு ஒரு பாட்டு அமைக்கிறேன் என்று சாமியாரிடம் வாய் விட்டிருந்தாள். ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் பாடிப் பழகுகிறார்கள். கடைசி வரி மட்டும் பாக்கி.

“டீச்சரம்மா, கீறீங்களா?”

முத்தம்மாள். பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றால் வரமாட்டாள். அவள் புருஷன் பொன்னுரங்கத்தோடு போன படகு, ஒரு மாதத்துக்கு முன் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் கவிழ்ந்ததிலிருந்து, கூடப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அவள் முகத்தில் விழிப்பதில்லை. ஒருத்தர் உடம்பும் கிடைக்கவில்லை. அவளும் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை.

“விளக்கு வெக்கிற நேரத்துக்குப் பஞ்சாயத்து கூடுது, டீச்சரம்மா. ஏரியில சீட்டு குலுக்கறப்ப இனிமே எங்க வீட்டுப் பேரு கெடையாதுன்னு சொல்லப் போறாங்களாம்.”

ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் ஊர் முடிவு செய்யும். சீட்டில் பேர் இல்லாத வீட்டுக்கு ஏரியே இல்லை. முத்தம்மாளின் அண்ணன் அவள் பேரில் இறங்கிக் கொண்டுவரும் மீனில்தான் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் கஞ்சி குடிக்கிறார்கள்.

“அவரு குடிச்சிட்டு எங்கியோ கெடந்தாரு, லேட்டா வந்து படகெடுத்தாரு, அதான் காத்துல மாட்டிக்கினாங்கன்றாங்க. குடிக்கற மனுசனா அவரு? அன்னிக்கு இருட்டுலயே வீட்ட விட்டுக் கெளம்பிட்டாரு. வெளுத்தப்புறந்தான் கரைக்குப் போனாராம். நடுவுல எங்க இருந்தாருன்னு தெரிஞ்சாப் போதும். உங்க வீட்டு வழியாத்தான போகணும்? நீங்க பார்த்திருந்தா வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும்.”

ஜெசிந்தாவுக்கு நாக்கில் இன்னும் உப்பு இருந்தது.

“நான் தூங்கிட்டிருந்திருப்பேன், முத்தம்மா. யாரையும் பார்க்கல.”

முத்தம்மாள் தலையாட்டினாள். அவள் பார்வை மேஜை மேல் இருந்த தாளுக்குப் போனது.

“நேத்து கோவிலாண்ட போறப்போ பசங்க பாடுனத கேட்டேன். அவரு பாடறாப்பலயே இருந்திச்சு. நடுவுல ஒரு இழுப்பு வருது பாருங்க, அது இந்த ஊர்ல வேற யாருக்கும் வராது.” சாக்கை இழுத்து விட்டுக்கொண்டாள். “அது உங்களுக்கு எப்டி வந்திச்சு, டீச்சரம்மா?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

எப்படி வந்தது? ஜெசிந்தா உட்கார்ந்தாள். எப்படி வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்று விடியுமுன் பொன்னுரங்கம் இதே அறையில், இதே பாயில் உட்கார்ந்திருந்தான். காற்றில் சிம்னி விளக்கு அணைகிறதென்று அவள்தான் கதவைச் சாத்தினாள். அவன் பாடப் பாட அவள் எழுதினாள். அந்த இழுப்பு ஐந்து கோட்டில் எதிலும் உட்காரவில்லை, இரண்டு சுரத்துக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. ஒரே ஒரு வாட்டி, பொன்னுரங்கம், என்றாள். பாடினான். இன்னும் ஒரே ஒரு வாட்டி. “நீங்க இத்த எழுதி முடிக்கறதுக்குள்ள மீனெல்லாம் ஆந்திராவுக்குப் போய்டும்” என்று சிரித்தான். கரையிலிருந்து சீட்டியடித்துக் கூப்பிட்டார்கள். அம்பா எடுத்துக் கொடுக்கிறவன் இல்லாமல் வலைக்குப் போகமாட்டார்கள், அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஒரே ஒரு வாட்டி என்று அவள் மறுபடியும் கேட்டாள். என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு. எழுந்தவன் ஈரமாக இருந்த பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான், கட்டைவிரலெல்லாம் நீலம் அப்பிக்கொண்டது. கடைசி வரியைக் கேட்டபோது மட்டும் முகம் மாறினான். “அத்த வூட்ல பாடக்கூடாது. வலையில மீனு சேர்ற மடி கரை ஏறினாத்தான் அந்த வரி. மடி ஏறிடுச்சுன்னு சொல்றதே அதான். வந்து பாடிக் காட்றேன்.”

வரவில்லை. வாடைக்காற்று முந்திக்கொண்டது.

சொல்லியிருக்கலாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். என் வீட்டில்தான் இருந்தான், நான்தான் நேரமாக்கினேன் என்று இரண்டே வார்த்தை. ஆனால் விடியுமுன், கதவு சாத்திய வீட்டில், கல்யாணமாகாத டீச்சரும் அடுத்தவள் புருஷனும் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றால் இந்த ஊரில் எவன் நம்புவான்? வேலை போகும், பேர் போகும். அந்தப் பயத்தில் வாயை மூடினாள். இன்று முத்தம்மாள் வாசலில் நின்று கேட்டும் மூடிக்கொண்டாள்.

விளக்கை ஏற்றிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். மழை இருட்டில் அறைக்குள் ஒரு வாடை பரவியிருந்தது, ஏரி வற்றும் நாளில் சேற்றிலிருந்து எழும்புகிற வாடை, அழுகிய பாசியும் நத்தை ஓடும் பழைய கயிறும் கலந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. வாடை தாளிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தாள்.

மூன்றாவது வரியின் கடைசிச் சுரத்தைப் பக்கத்தின் ஓரம்வரை நெருக்கி எழுதியிருந்தாள், நன்றாக நினைவிருந்தது, இடம் போதாமல் கால் ஓரத்தை முட்டியது. இப்போது அங்கே ஒரு விரல் அகலத்துக்குக் காலி இடம். சுரம் உள்ளே தள்ளியிருந்தது. அதற்கு முன்னால் இருந்ததும் தள்ளியிருந்தது. எல்லா வரியிலும் அப்படித்தான். பக்கத்தின் வலது ஓரம் முழுக்க வெறும் கோடுகள், இடது ஓரத்தில் சுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளக்கைக் கிட்டே வைத்தாள்.

வெளியே மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். முதலில் தவளை என்று நினைத்தாள். பிறகு கூரை ஓட்டிலிருந்து சொட்டும் நீர் என்று நினைத்தாள். ஆனால் அது தாளத்தில் வந்தது, கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும். ஒருவன் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற தாளம். எடுத்துக் கொடுக்கிறவன் குரல் மட்டும் இல்லை, அந்த இடம் வெறுமனே இருந்தது. வாங்குகிறவர்கள் குரல் மட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளிருந்து.

ஏலா.

பக்கத்தில் சுரங்கள் ஒரு நூல் நகர்ந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தன.

ஏலா.

இன்னும் ஒரு நூல்.

அவளுக்குப் புரிந்தது. ஒரு மாதமாக அவள் ஆர்மோனியத்தில் வாசித்த ஒவ்வொரு வாசிப்பும், பிள்ளைகள் பாடிய ஒவ்வொரு முறையும், ஒரு இழுப்பு. அம்பா பாடினால் கயிறு வரும். எங்கேயோ ஆழத்தில் கிடந்த வலையை அவள் முழம் முழமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முடிக்காமல் விட்டதால் அது நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் முடித்துவிட வேண்டும். முடித்தால் நின்றுவிடும்.

இப்போதே பஞ்சாயத்துக்கு ஓடலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. அரை ஓட்டத்தில் போய்ச் சேரலாம். எழுந்து கதவின் தாழ்ப்பாள்வரை போனாள். அங்கே கூடியிருக்கும் முகங்களை நினைத்தாள். கதவு சாத்தியிருந்ததா டீச்சர் என்று யாராவது கேட்பார்கள். கை தாழ்ப்பாளிலிருந்து இறங்கியது.

திரும்பி வந்து பேனாவை எடுத்தாள்.

ஏலா. சத்தம் தெருவுக்கு வந்துவிட்டது. மைக்கூட்டில் பேனாவைத் தொட்டாள். மை சொட்டியது. ஒரு வரிதான். ஏதாவது ஒரு முடிவு. பாட்டு அமைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு முடிவு எழுதத் தெரியாதா? மேலே போன சுரத்தை மெல்ல இறக்கினாள், அவன் இழுப்பையே கடைசியாக ஒருமுறை வைத்தாள், அடி சுரத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். பக்கத்தின் முடிவில், பாட்டு முடிந்ததற்கு அடையாளமாக, கெட்டியாக இரண்டு கோடு.

சத்தம் நின்றது.

மழையும் நின்றதுபோல் இருந்தது. சுரங்கள் அசையவில்லை. ஜெசிந்தா விரலால் பக்கத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது. எல்லா மையும், ஒரே நேரத்தில், காய்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. மாதாவே என்றாள். நாளைக்கே முத்தம்மாளுக்குக் கொஞ்சம் அரிசி கொடுத்தனுப்ப வேண்டும் என்று நினைத்தாள்.

பிறகு அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

மடி கரை ஏறினாத்தான் அந்த வரி.

தூரத்தில் பஞ்சாயத்து கலைகிற மணி அடித்தது.

வாசலில் ஏதோ கனமானது படிமேல் ஏறியது. ஈரமாக. இழுபட்டு. நின்றது. கதவின் அடியில் தண்ணீர் வந்தது. தாழ்ப்பாள் போட்ட கதவு, துணி கிழிவதுபோல் ஒரு சத்தத்தோடு, மெதுவாக உள்ளே திறந்தது.

அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் அவளைத் தொடவில்லை. சுவரோரமாகக் குந்தினார்கள், அன்று கரையில் குந்திக் காத்திருந்ததுபோல். வலையின் கண்கள் அவர்கள் முகத்தில் பதிந்திருந்தன. முகமாக மீதி இருந்ததில் பதிந்திருந்தன.

கடைசியாக வந்தவன் பாயில் போய் உட்கார்ந்தான். அதே இடம்.

“சொல்லிடறேன்” என்றாள் ஜெசிந்தா. “என் வீட்லதான் இருந்தே. நீ குடிக்கல. நான்தான் உன்னப் போகவிடல. நான் போய்ச் சொல்லிடறேன்.”

சுவரோரத்தில் இருந்தவர்கள் மூச்சு இழுத்தார்கள்.

ஏலா.

அவள் மறுபடியும் சொன்னாள். கத்திச் சொன்னாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவர்கள் வாங்கிப் பாடினார்கள். ஒவ்வொரு முறையும் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டது. அன்று அவள் சாத்தியதுபோல். முழுக்கச் சாத்தியதும் வெளிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பாயிலிருந்து ஒரு கை மேஜை மேல் வந்தது. தோல் ஊறி, நகங்கள் போய், வெளுத்த கை. கட்டைவிரலில் மட்டும் நீலம், இன்னும் ஈரமாக. அது புதுத் தாள் ஒன்றை அவள் முன்னால் நகர்த்தியது. பேனாவை அவள் விரல்களுக்கு நடுவே வைத்து, விரல்களை மூடியது.

அவன் வாயைத் திறந்தான். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு மணல்.

“ஒரே ஒரு வாட்டி, டீச்சரம்மா.”