சுத்தமான ரத்தம் தேவை!

போன் அலறியது!

பரிசோதனைக்கூடத்து கெமிஸ்ட் கண்ணாடியைத் தேடிக் களைத்து, அது நெற்றியில் இருப்பதைக் கண்டுபிடித்து, பிறகு ரிசீவரை எடுத்தார்.

"சார்! கண்டக்டர் பாடி... ரிசல்ட் என்னாச்சு?"

இன்ஸ்பெக்டர். மூச்சு விடக்கூட நேரமில்லாத மனிதர்.

"விஷம் இருக்கு. எப்பவோ தடை பண்ணின பூச்சிமருந்து. ஆனா..."

"அது போதும்!"

டொக்!

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததை அவர் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்று நாள் முன்பு அந்த பஸ் கண்டக்டர் சட்டைப் பட்டன் போட்டபடியே வீட்டில் சரிந்து விழுந்து செத்தார். வயது நாற்பத்தாறு. 'தம்பி பெண்டாட்டிதான் விஷம் வைத்தாள்' என்று அவருடைய அக்கா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் தம்பி பெண்டாட்டி, அதாவது கண்டக்டரின் மனைவி, தையல்காரி.

போன் வைத்த இருபதாவது நிமிடம், பாதி தைத்த துணி ஊசிக்கடியில் கிடக்க, அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"சார்... கொஞ்சம் இங்க வாங்க."

பரிசோதனைக்கூடத்தில் அசிஸ்டன்ட் அம்மாவின் குரல் நடுங்கியது. இருபது வருஷ சர்வீஸில் அவள் எதற்கும் நடுங்கியதில்லை.

"என்னம்மா?"

"புது பாட்டிலோட ஒத்துப் பார்க்கலாம்னு, போன தடவ எடுத்து வெச்ச உங்க ரத்தத்தையும் மெஷின்ல ஓட்டிப் பார்த்தேன் சார்."

எந்த ரத்தத்தைச் சோதித்தாலும், ஒப்பிட ஒரு சுத்தமான ரத்தம் வேண்டும். அதில் வருவதுதான் பூஜ்யம். அதற்கு மேல் வந்தால்தான் விஷம். சுத்த ரத்தம் வெளியிலிருந்து வந்து சேரத் தாமதமாகிறதென்று, பதினோரு வருஷமாக கெமிஸ்ட் தன் கையையே நீட்டி வந்தார். பீடி, சிகரெட், ஊர்வம்பு எதுவும் இல்லாத கை! இந்தத் தடவை அவருக்குக் காய்ச்சல். அதனால் வெளியூரிலிருந்து சுத்திகரித்து, சீல் வைத்து வந்த பாட்டிலைத் திறந்திருந்தார்கள்.

"சரி... என்ன வந்தது?"

"கண்டக்டரை விட உங்களுக்கு ஒண்ணரை மடங்கு ஜாஸ்தி."

"மெஷின்ல ஏதாவது..."

"மூணு தடவ ஓட்டிட்டேன். மெஷின் மேல பழி போடாதீங்க சார், பாவம்."

கெமிஸ்ட் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப... பதினோரு வருஷமா?"

"உங்களைத்தான் பூஜ்யம்னு நினைச்சுட்டு இருந்தோம்."

"என் வீட்ல இன்னிக்கும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஆட்டோவைக் கூப்பிடும்மா!"

"கொலையே இல்லைங்கறீங்களா?" இன்ஸ்பெக்டர் ஃபைலை ஸ்டேஷன் மேஜையில் அறைந்தார். "விஷம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"எனக்குள்ளயும் இருக்கு. நான் உசுரோடதானே உங்க எதிர்ல நிக்கறேன்? அவர் போனது நெஞ்சடைப்புல. புதுசா வெச்ச விஷம்னா வயித்துல இருக்கணும். வயிறு சுத்தம். கொழுப்புல இருக்கு. வருஷக்கணக்கா சேர்ந்தது!"

"அதையேதான் அக்காவும் சொல்றாங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா கலந்திருக்கா! ஸ்லோ பாய்சன்!"

கம்பிக்குப் பின்னால் தையல்காரி எழுந்தாள். ஊசி குத்தாமல் விரலில் மாட்டிய அங்குஸ்தான் இன்னும் இருந்தது.

"சார், வீட்ல பிள்ளைங்க தனியா இருக்குதுங்க..."

"உஷ்!"

கெமிஸ்ட் பையைத் திறந்து ஊசிகளை வெளியே எடுத்தார்.

"ஒண்ணு பண்ணலாம். இவங்க, அக்கா, என் அசிஸ்டன்ட், நீங்க. எல்லார் ரத்தத்தையும் பார்த்துடுவோம். எல்லாருக்கும் இருந்தா இவங்களை விடணும்."

"எனக்கு எதுக்கு சார் ஊசி?"

"பயமா?"

"சேச்சே!" என்று இன்ஸ்பெக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மாலை நாலு மணி. பரிசோதனைக்கூடத்தில் எல்லாரும் நின்றார்கள்.

"அக்காவுக்கு கண்டக்டர் அளவே இருக்கு," என்று படித்தார் கெமிஸ்ட். "அசிஸ்டன்ட் அம்மாவுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. இன்ஸ்பெக்டர்... முதல் பரிசு! என்னையே தோற்கடிச்சுட்டீங்க."

"எனக்கு யார் வெச்சது?" இன்ஸ்பெக்டரின் கை தானாக வயிற்றைத் தடவியது.

"காய்ல இருக்கு, பால்ல இருக்கு, மீன்ல இருக்கு. என்னிக்கோ மண்ணுல தெளிச்சது, உள்ள வந்தா கொழுப்புல குடியேறிடும். லேசுல காலி பண்ணாது."

"மருந்து?"

கெமிஸ்ட் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப என்னை விட்டுருவீங்களா சார்?" தையல்காரி.

அவளுடைய தாளை அவர் அப்போதுதான் புரட்டினார்.

முகம் மாறியது.

இன்ஸ்பெக்டர் தாளைப் பிடுங்கினார். "கால்வாசிதான்! ஒரே அடுப்பு... ஒரே சாப்பாடு... புருஷனுக்கு அவ்வளவு, இவளுக்கு மட்டும் கால்வாசி! ஏன் சார்? தன் தட்டுல மட்டும் கலக்கல! வசமா மாட்டிக்கிட்டா!"

"ஐயோ! சத்தியமா இல்ல சார்!"

"நடம்மா ஸ்டேஷனுக்கு!"

கெமிஸ்ட்டுக்குக் காரணம் தெரியும். சொன்னால் அவள் வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் ஜெயிலுக்கு. இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. இருந்தும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா... எத்தனை பிள்ளைங்க?"

"நாலு சார்."

"தாய்ப்பாலா?"

"எல்லாருக்கும். ரெண்டு ரெண்டு வயசு வரைக்கும்." அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு பெருமை.

"இது வெளிய போக முக்கியமான வழி அது ஒண்ணுதான்," என்றார் கெமிஸ்ட், இன்ஸ்பெக்டரைப் பார்த்து. அவளைப் பார்க்கத் தைரியமில்லை. "கொழுப்புல இருந்து பாலுக்கு. இவங்களுக்குக் குறைஞ்சது அப்படித்தான்."

இன்ஸ்பெக்டரின் கை போனுக்குப் போனது. அவர் வீட்டில் மூன்று மாதக் குழந்தை. டயல் செய்யாமலே கீழே வைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது?

"எனக்குப் பிள்ளை இல்ல," அக்கா முணுமுணுத்தாள். "அதான் எனக்கு அப்படியே நிக்குதா?"

தையல்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப... மூத்தவளுக்குத்தான் நிறையப் போயிருக்குமா சார்?"

"பால் கொடுத்தது தப்பே இல்லம்மா. அதை விட நல்லது எதுவும் கிடையாது."

"நல்லதோட சேர்த்து அதையும் கொடுத்திருக்கேனே!"

"நீங்க வீட்டுக்குப் போகலாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். முதல் தடவையாக மெதுவாக.

அவள் நகரவில்லை. இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினாள்.

"என்னை உள்ளயே வெச்சிருங்க சார்! ஆளைச் சரியாத்தான் பிடிச்சீங்க... கேஸ்தான் தப்பு!"

புகார் எழுதிக் கொடுத்த அதே அக்காதான் அந்தக் கைகளை மடக்கி, தோளோடு அணைத்து, வாசல் வரை நடத்திக்கொண்டு போனாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"கேஸை மூடிடவா சார்?"

"மூடிடுங்க இன்ஸ்பெக்டர்! திறந்து வெச்சா ஊரையே உள்ள போடணும்... பூட்டறதுக்கு வெளிய ஒரு ஆளாவது மிஞ்ச வேணாமா?"