உடையானுக்கு எதைக் கண்டால் பயம்?

குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் பையன் கண்டுபிடித்த உலோகத்தின் பெயர் உடையான். உடையாது, உருகாது, துருப்பிடிக்காது. எந்தச் சுரங்கத்திலும் கிடைக்காது. குண்டூசியின் மண்டைக்குள் மட்டும்தான் கிடைக்கும். பள்ளி நாடகத்தில் வரும் விண்கப்பல் முழுக்க உடையானால் ஆனது.

ஒத்திகையில்தான் வினை வந்தது.

விண்கல் வந்து மோதியது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரக்கன் வந்து கடித்தான். அரக்கனின் பல்தான் போனது. நாடகம் தொடங்கிய சூட்டிலேயே முடிந்துவிட்டது!

"இதுல கதை எங்கடா இருக்கு?" என்று அரக்கனாக நடித்த நெட்டை கத்தினான். "உன் உடையானைத் தூக்கிக் குப்பையில போடு. கப்பலுக்குத் தகரமே போதும்!"

குண்டூசியின் முகம் சுண்டிப்போனது. விடுவிடுவென்று வெளியே போய் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டான்.

கப்பல் தலைவியாக நடித்த சிட்டுவுக்கு மனசு கேட்கவில்லை. நெட்டை சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் குண்டூசி சாப்பிடும்போதுகூட அந்த உலோகத்தைப் பற்றித்தானே பேசுவான்! அவளும் அவன் பின்னாலேயே போனாள்.

"டேய், ஒண்ணு கேக்கட்டா? உடையானுக்கு எதைக் கண்டா பயம்?"

"அது எதுக்கும் பயப்... ஹிக்!" அழுகையை அடக்கியதில் அவனுக்கு விக்கல் வந்துவிட்டது.

"எங்கப்பா எவ்வளவு பலசாலி! கரப்பான்பூச்சியைப் பாத்தா நாற்காலி மேல ஏறிடுவார். அவருக்கே அப்படின்னா உடையானுக்கும் ஏதாவது இருக்கும்ல?"

"ஹிக்!" குண்டூசிக்குத் தூக்கிப் போட்டது.

சிட்டு துள்ளி எழுந்தாள். "விக்கல்!"

குண்டூசியின் கண்கள் விரிந்தன. "ஆமா! பக்கத்துல யாராவது விக்கினா உடையான் களிமண்ணு மாதிரி இளகிடும்!"

"அப்போ எனக்கு விக்கல் வந்தா?"

"கப்பல்ல ஓட்டை!"

இருவரும் ஓடிப்போய் நெட்டையிடம் சொன்னார்கள். அவன் தாடையைத் தடவினான். "அப்போ என் பல்லு உள்ள இறங்குமா?"

"நல்லாவே இறங்கும்."

"சரி, உடையானே இருக்கட்டும்" என்றான் பெரிய மனசு பண்ணி.

நாடக நாளன்று மேடையில் தலைவிக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அவள் விக்கும்போதெல்லாம் கப்பலின் வெள்ளித்தாள் சுவர் நெளிந்தது. வெளியே அரக்கன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்றாள். "அக்கா, தண்ணி குடிங்க!"

"மூச்சை அடக்குங்க!" என்றது இன்னொரு குரல். "சர்க்கரையை வாயில போடும்மா!" என்று தலைமையாசிரியையே கத்திவிட்டார். அரங்கமே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது.

சுவருக்குப் பின்னால் நின்று தாளை ஆட்டிக்கொண்டிருந்த குண்டூசி, அரக்கனின் காதைக் கடித்தான். "என் உலோகம் பிழைக்கணும்னு எத்தனை பேர் தவிக்கிறாங்க பாருடா!"

"பேசாம ஆட்டுடா, அவங்க இன்னும் தவிக்கட்டும்!" என்றான் நெட்டை.

குண்டூசி பலம்கொண்ட மட்டும் ஆட்டினான்.